ஏவிஸ் சீமாட்டியின் பதினாறு மாதம்

என் அம்மா லோர்னா டர்ஸ்டன், எங்கள் ஊரான ஆஷ்கோம்பின் தேவாலயத்தைச் சுத்தம் செய்பவர். வாரத்தில் இரண்டு நாள் வேலை. பெஞ்சுகளைத் துடைத்து முடித்ததும் கடைசியாகத் தரையில் ஒரு கல்லறைமேல் பதித்த, உருவம் செதுக்கிய பித்தளைத் தகட்டுக்கு வருவார். பாலிஷ் போட்டால் எழுத்து தேயும் என்று வெறும் துணியால்தான் துடைப்பார். தகட்டில் இந்த ஊரையே ஒரு காலத்தில் ஆண்ட நிலக்கிழார் சர் ரால்ஃப் மெல்கோட் கைகூப்பிப் படுத்திருக்கிறார். பக்கத்தில் மனைவி ஏவிஸ், அவள் காலடியில் ஒரு குட்டி நாய். ரால்ஃப் இறந்தது 1348 பிப்ரவரி என்று சுற்றிலும் செதுக்கியிருக்கிறது.

மகன் ஹியூ பிறந்தது 1349 ஜூனில். அதற்கும் சாட்சி உண்டு. ஹியூவுக்கு இருபத்தொன்று ஆனபோது, நிலத்தை அவனிடம் ஒப்படைக்குமுன் அரசரின் ஆட்கள் வந்து பன்னிரண்டு ஊர்க்காரர்களை அவன் பிறந்த நாளைச் சத்தியம் செய்து சொல்லவைத்தார்கள். "அவன் பிறந்த அன்றுதான் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து என் கால் முறிந்தது" என்றான் ஒருவன். "அன்றுதான் என் பசு ஆற்றோடு போனது" என்றான் இன்னொருவன். பன்னிரண்டு பேரும் ஹியூவை ரால்ஃபின் மகன் என்றே சொன்னார்கள்.

ஆனால் அப்பன் செத்துப் பதினாறு மாதம் கழித்தா பிள்ளை பிறக்கும்? நூறு வருடமாக எங்கள் ஊருக்கு இதுதான் சிரிப்பு. அறுவடை விருந்தில் ஆப்பிள் மது இரண்டு கோப்பை உள்ளே போனதும் கசாப்புக்கடை லென் ஆரம்பித்துவிடுவார்: "யானைக்கு அடுத்தது நம்ம ஏவிஸ்தாம்பா."

போன வசந்தத்தில் தேவாலய வாசலில் மெல்கோட் குடும்ப வரலாற்றைப் பலகையாக வைப்பதென்று ஊர் வரலாற்றுச் சங்கம் முடிவு செய்தது. வாசகத்தை எழுதியவர் தலைவர் ஓக்‌ஷாட், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஹியூ "வேறொருவருக்குப் பிறந்தவன்" என்றும், சாட்சிகள் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் என்றும் அதில் இருந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா அந்தப் பொம்பள மூஞ்சியத் தொடைக்கிறேன். வர்றவன் போறவன் எல்லாம் படிச்சுச் சிரிக்கிற மாதிரி வாசல்லயே எழுதி வைப்பாங்களா? அதையும் நான்தான் தொடைக்கணும்."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கழித்துப் பார்த்தேன். பதினாறு மாதம் சரியாகவே வந்தது. அம்மாவிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

அம்மா விடவில்லை. ஆறு வாரம், வேலையில்லாத நாளெல்லாம் டான்டனுக்குப் பஸ் ஏறி, ஆவணக் காப்பகத்தில் நிலக்கிழார் தம் குடியானவர்களுக்கு மாதாமாதம் நடத்திய மெல்கோட் நில மன்றத்தின் பதிவுகளை, அச்சிட்ட மொழிபெயர்ப்பில், வரி வரியாகப் படித்தார். அந்தக் காலத்தில் குடியானவன் ஒருவன் செத்தால் அவன் வீட்டின் சிறந்த கால்நடை நிலக்கிழாருக்குப் போகும். வழக்கமாக ஒரு மன்றத்தில் ஒன்றோ இரண்டோ சேரும். ரால்ஃப் இறந்த பிறகு ஏவிஸ் பெயரில் நடந்த முதல் மன்றத்தில் முப்பத்தொன்று. மூலப் பதிவின் தலைப்பில் ஆண்டு கிழிந்துபோயிருந்ததாக அடிக்குறிப்பு சொன்னது. பிப்ரவரி மட்டும் மிச்சம்.

சமையலறையில் அம்மா என்னைக் கேட்டார்: "ஒரே மாசத்துல முப்பத்தொரு பேர் செத்தா அது பிளேக்தானே? பிளேக் நம்ம நாட்டுக்கு எப்போடா வந்துச்சு?"

"1348 கோடைலம்மா. தெற்குக் கரையில எறங்குச்சு."

"அப்போ கோடைக்கு முன்னாடி பிப்ரவரியில இவங்க எதுல செத்தாங்க?"

அம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா குத்தகைக் கணக்கு மார்ச் இருபத்தஞ்சுலதான் தொடங்கும், மரியாள் திருநாளன்னிக்கு. ஜனவரி, பிப்ரவரி எல்லாம் அவருக்குப் போன வருஷந்தான். அந்தக் காலத்துல ஊருக்கே வருஷம் அன்னிக்குத்தான் மாறியிருந்தா?"

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அந்த நாளில் ஜனவரியில் ஆண்டு மாறவில்லை. மார்ச் இருபத்தைந்தில் மாறியது. தகடு சொன்ன 1348 பிப்ரவரி, நம் கணக்கில் 1349 பிப்ரவரி. ஜூனுக்கு நாலே மாதம். கணவன் பிளேக்கில் போனபோது ஏவிஸ் ஐந்து மாதக் கர்ப்பிணி.

பலகை அச்சுக்குப் போகும் முன், சனிக்கிழமை மதியம், ஊர்க் கூடத்தில் கூட்டம். இருபது பேருக்கு மேல் இல்லை. அம்மா எழுந்ததும் பின்னாலிருந்து லென், "லோர்னா, தேநீர் கொண்டாந்தாச்சு, உக்காரு" என்றார். சிரிப்பு.

"குடிச்சிக்கிட்டே கேளு லென். உன் யானைக்கு இன்னியோட வேல போச்சு."

காகிதத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்தொரு கால்நடை, பிளேக், மரியாள் திருநாள். யாரும் கோப்பையைத் தொடவில்லை.

ஓக்‌ஷாட் கண்ணாடியைக் கழற்றினார். "ஆண்டு மார்ச்ல மாறுறது எனக்குத் தெரிஞ்ச விஷயந்தாம்மா. முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். ஆனா தகட்டப் படிச்சுக் குறிப்பு எழுதுனவர் முன்னாடியே நம்ம கணக்குக்கு மாத்தியிருப்பாருன்னு விட்டுட்டேன். நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க இருந்த பாதிரியாரோட குறிப்பு அது, அப்படியே எடுத்துட்டேன்."

"அவரும் தகட்டுல இருந்தத அப்படியே எடுத்திருப்பாரு, சார். யாரும் குனிஞ்சு பாக்கல."

"அந்தப் பன்னிரண்டு பேர்?"

"உண்மையச் சொன்னவங்க. அவங்களையும் போடுங்க. கால் ஒடிஞ்சவன், பசு போனவன் எல்லாரையும்."

வாசகத்தை மாற்றச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். லென்னும் தூக்கினார், கொஞ்சம் தாமதமாக.

ஓக்‌ஷாட் தம் வாசகத்தில் மூன்று வரிகளை அடித்தார். மேலே "ஹியூ, ரால்ஃபின் மகன், தந்தை இறந்த நான்காம் மாதம் பிறந்தவன்" என்று எழுதி அம்மாவிடம் காட்டினார். பிறகு பேனாவை ஒரு நொடி தூக்கிப் பிடித்து, "கண்டுபிடிச்சவர் பேர் போடணுமே. சங்கத்தின் சார்பாகன்னு போடட்டுமா?" என்றார்.

"லோர்னா டர்ஸ்டன்னு போடுங்க, சார். தேவாலயத்தச் சுத்தம் செய்றவங்கன்னும் போடுங்க."