ஆடி மாதத்து டாங்கி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருடத்தில் ஒரு மாதம்தான் ஓய்வு, அது ஆடி. விழுப்புரத்தில் அப்பாவுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தொழில். மணப்பெண்ணின் முகத்து வியர்வையைத் துடைப்பது, கோபித்துக்கொண்டு வராமல் போன பெரியப்பாவைப் பழைய படத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்து மணமேடையில் நிற்கவைப்பது எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் நடக்கும். அதற்காகவே நல்ல சக்தி உள்ளதாகப் பார்த்து வாங்கியிருந்தார். ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. அதனால் அந்த ஒரு மாதம் அது என் ராஜ்ஜியமாக இருந்தது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பெரியம்மா மகன் ஏற்றிக் கொடுத்திருந்த டாங்கிச் சண்டை விளையாட்டுதான் எனக்கு உலகம். மற்ற விளையாட்டுகளைப் போல அதில் பத்து அடி வாங்கிக்கொண்டு ஓட முடியாது. நிஜ டாங்கிக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஓட்டுநருக்கு அடிபட்டால் வண்டி நின்றுவிடும். சுடுகிறவருக்கு அடிபட்டால், உள்ளே இருக்கும் இன்னொருவர் அந்த இடத்துக்கு நகர்ந்து உட்காரும்வரை பீரங்கி வாயைத் திறக்காது. தெருப் பையன்கள் யாருக்கும் இது புரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

அந்த ஆடிக்குத்தான் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. வைகாசியில் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துவருவதும் ஆவணி பிறந்ததும் புருஷன் வந்து கூட்டிப்போவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்பதால் நான் அதை யோசிக்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு வளவனூர்வரை ஓட்டிப்போய் வருகிற அத்தை, இப்போது குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அம்மாவிடம் நாலு தடவை கேட்டாள். போன் அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

விளையாட ஆள் இல்லாமல் நான்தான் அத்தையை இழுத்து உட்காரவைத்தேன். அவளுக்குக் கீபோர்டு, எனக்கு மவுஸ். அவள் ஓட்டுவாள், நான் சுடுவேன். புதிதாக வருகிறவர்களுக்கு எந்த டாங்கி நல்லது என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பில், இருப்பதிலேயே தடித்த கவசமும் நீளமான பீரங்கியும் உள்ளதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். முதல் நாள் முழுக்கச் செத்துக்கொண்டே இருந்தோம். முன்னால் போய்ச் சுடுவோம், எதிரி பக்கவாட்டில் வருவான், எங்கள் வண்டி பின்வாங்க முடியாமல் எருமை மாதிரி அசையும்.

"இது வேணாம் பாப்பா," என்றாள் அத்தை. "ரிவர்ஸ் நல்லா போற வண்டியா பாரு."

"சண்டைக்குப் போற வண்டிக்கு எதுக்கு அத்தே ரிவர்ஸு?"

"முன்னாடி எல்லா வண்டியுந்தான் போவும். மாட்டிக்கினா வெளிய வர முடியுதான்னு பாக்க வேணாமா?"

பிறகு ஒவ்வொரு டாங்கியாகத் திறந்து பார்த்தோம். உள்ளே எத்தனை பேர் என்றும் கேட்டாள். மூன்று பேர் என்றால் உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் அவள் பிடித்தது, பார்க்க அவலட்சணமான, கவசம் சுமாரான, உயரமான ஒரு டாங்கி. ஆனால் உள்ளே ஐந்து பேர் உண்டு, பின்னால் ஜோராக வரும். அப்பா, அம்மா, நான், தம்பி, அத்தை என்று ஐந்து பேருக்கும் இடம் பிரித்துக் கொடுத்தாள். சுவர் ஓரமாக எட்டிப் பார்ப்போம், நான் சுடுவேன், சுட்டதும் அவள் பின்னால் எடுத்துவிடுவாள். அதற்குப் பிறகு நாங்கள் லேசில் சாகவில்லை. பழைய கலகலப்பெல்லாம் அவள் முகத்துக்குத் திரும்பியது. அந்த மாதம்போல நான் சந்தோஷமாக இருந்த மாதம் வேறு இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆடி முடிய முடிய வீட்டில் பேச்சுக் குறைந்தது. "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேனே அண்ணே," என்று அத்தை கேட்டதும், "ஊரு என்னம்மா சொல்லும்?" என்று அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னதும் என் காதில் விழுந்தது. விளையாட்டு ஜோடி போய்விடுமே என்று எனக்கு அழுகையாக வந்தது.

ஆவணி பிறந்ததும் மாமா காரில் வந்தார். சிரித்த முகம், எனக்குச் சாக்லேட் எல்லாம் வாங்கி வந்தார். நாங்கள் கடைசி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். பின்னால் நின்று பார்த்தவர், "இது என்னா டப்பா வண்டி?" என்று மவுஸை வாங்கி, நான் முதலில் எடுத்த பெரிய டாங்கியை எடுத்தார். அத்தை எழுந்திருக்கப் போனாள். "நீ உக்காரு, நான் சொல்றப்ப அமுக்கு போதும்," என்றார். ஆட்டம் தொடங்கியதும் நேராக நடுரோட்டில் போகச் சொன்னார். அத்தையின் விரல் பின்னால் வரும் பட்டனுக்கு நகர்ந்தது. மாமா பேசிக்கொண்டே அந்த விரலைப் பிடித்து அப்பால் தள்ளிவைத்தார். வண்டி வெடித்தது.

"பாத்தியா, உன்னாலதான் போச்சு," என்று சிரித்தார். அம்மா மட்டும் அத்தையின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நான் வழியனுப்பக்கூட வரமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் அத்தை நின்றாள். கையில் பர்ஸ் மட்டும் இருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் கார்கள் வரிசையாக நின்றபோது கதவைத் திறந்து இறங்கி, ரோட்டைத் தாண்டி, விழுப்புரம் பஸ் பிடித்து வந்துவிட்டாள் என்பது பெரியவர்கள் பேசியதிலிருந்து நான் பிற்பாடு பொறுக்கிச் சேர்த்தது. அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "உள்ள வாம்மா. மொதல்ல தண்ணி குடி."

எனக்குக் கால் தரையில் படவில்லை. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். அடுத்த கல்யாண ஆல்பம் பாதியில் கிடந்தது, அப்பாவே அதை மூடிவிட்டு நகர்ந்துகொண்டார். அத்தை வந்து உட்கார்ந்தாள். திரை மங்கலாகத் தெரிவதுபோலக் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "நம்ம வண்டியவே எடு பாப்பா," என்றாள்.

மறுநாள் தெரு முழுக்க நான் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். "எங்க அத்தைக்கு என்னை வுட்டுட்டு இருக்க முடியல, என்கூட டேங்க் வெளையாடத்தான் திரும்பி வந்துட்டாங்க." பால்காரரிடம் சொன்னேன், இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னேன், குழாயடியில் அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசினால் தலையில் குட்டுகிற அம்மா, அன்றைக்குக் குட்டவில்லை. என் தோளைப் பிடித்து அருகில் இழுத்துக்கொண்டு, "ஆமாங்க, இவதான் காரணம்," என்றாள்.

நான் அதை வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.