சூடு தெரியாத கால்

வெந்நீரை மொண்டு காலில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஆவி பறக்கறது! நிறுத்து!" என்று மகள் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தேன். பாதம் சிவந்திருந்தது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்கிற நரம்பு நோய் வந்ததிலிருந்து முழங்காலுக்குக் கீழே சூடு தெரிவதில்லை. எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு மட்டும் ஓய்வதே இல்லை.

நான் சிறுமியாக இருந்த 1950களின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் அத்தைக்கும் இப்படித்தான். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் நாங்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுவோம். அத்தை மட்டும் மதிலைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வலம் வருவாள். "என்ன பக்தி!" என்று தெருவே கைகூப்பியது. வீட்டுக்கு வந்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

"கால் மரத்துக் கிடக்கு மன்னி. டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போங்கோளேன்" என்று என் அம்மாவிடம் கெஞ்சினாள்.

"பெருமாள் அனுக்ரஹத்தைப் போய் வியாதிங்கறயே!" என்றாள் அம்மா.

யாரும் அழைத்துப் போகவில்லை. மறு வருஷம் அத்தை படுத்த படுக்கையானாள். அப்போதும் பெண்கள் வந்து அவள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும் ஒற்றிக்கொண்டேன்.

"தொட்டியா? தெரியலையேடி" என்றாள் அத்தை.

மகள் என் காலுக்குக் களிம்பு தடவுகிறாள். அத்தையின் காலை எத்தனையோ பேர் தொட்டோம். களிம்போடு ஒருத்தியும் தொடவில்லை.