யன்னலடிப் பொம்மையின்ர கழுத்து

பேய், ஆவி எண்டு ஆராவது கதைக்கத் தொடங்கினா எழும்பிப் போற ஆள் நான். கோயிலுக்கே மனிசி இழுத்தால்தான் போறது. நீங்கள் நம்பாட்டிலும் எனக்குக் கோவம் வராது, ஆனா நடந்தது நடந்ததுதான்.

இத்தாலியிலை, பலேர்மோவிலை, அல்பெர்கேரியாப் பக்கம், ஒரு ஜப்பான்கார அம்மா, இஞ்சத்தைப் பாசையிலை சிஞ்ஞோரா, வீட்டிலை துப்பரவு வேலை செய்யிறன். அவ மரப்பொம்மை செய்யிறவ. கையும் இல்லை காலும் இல்லை, உருளை உடம்பு, மேலை உருண்டைத் தலை, மெல்லிசாக் கீறின கண். மிசினிலை மரத்தைக் கடைஞ்சு தலையைத் தனியச் செய்து இறுக்கிப் பொருத்துவா, திருப்பினா குழந்தை சிணுங்கிற மாதிரி 'கீ' எண்டு கேக்கும். அவவின்ர தேப்பனும் அங்கை ஜப்பானிலை இதே தொழில்தான். அவர் செய்து குடுத்த ஒண்டு மட்டும் யன்னலடியிலை தனிய நிக்கும், அதைத் தூசு தட்டவும் என்னை விடமாட்டா.

தேப்பனுக்கு வருத்தம் கடுமை எண்டு போன் வந்து அவ ஜப்பானுக்கு வெளிக்கிட்டுட்டா. வீட்டுத் திறப்பு என்னட்டை. பூக்கண்டுக்குத் தண்ணி விடப் போன ஒரு பின்னேரம், நல்ல வெயில், கீழை சந்தைச் சத்தம், உள்ளுக்கை 'கீ' எண்டுது. பாத்தா யன்னலடிப் பொம்மை, உடம்பு நேரை நிக்க, தலை மட்டும் திரும்பிக் கதவைப் பாக்குது. மற்றதுகளைப் போல இதின்ர தலையும் திரும்பும்தானே எண்டு பிடிச்சு நேராக்கினன். குசினியிலை தண்ணி பிடிச்சுக்கொண்டு வாறன், திரும்பவும் கதவைப் பாக்குது. இன்னொருக்கா நேராக்கினன். கையை எடுக்க முந்தியே, நம்பினா நம்புங்கோ, என்ர விரலுக்குள்ளையே தலை திரும்பத் தொடங்கீட்டுது. வாளியைப் போட்டிட்டு ஓடீட்டன்.

வீட்டை வந்தும் இருப்புக் கொள்ளேல்லை. பொம்மையைப் பழுதாக்கிப்போட்டனோ எண்ட பயம் வேறை, அவ வேலைக் கடுதாசி தந்தால்தான் இஞ்சை தங்கிற அனுமதி, பெர்மெஸோ, புதுப்பிக்கலாம். மனிசிக்கும் சொல்லேல்லை.

சிஞ்ஞோரா திரும்பி வந்த அண்டைக்கு வேலைக்குப் போனன், அவ கோட்டையும் கழட்டாமல் கதிரையிலை இருந்தா.

"அப்பாவை உயிரோடை பாக்கேல்லை. கடைசி இரவு முழுக்க நான் வாறனோ எண்டு கதவைத்தான் பாத்தவராம். நர்ஸ்மார் தலையை நேரா வைக்க வைக்கத் திருப்பினவராம்."

எந்த நாள் எண்டு கேட்டன். நான் தண்ணி விடப் போன அதே நாள், அங்கை இரவு எண்டா இஞ்சை பின்னேரம்.

"சிஞ்ஞோரா, கோவிக்காதேங்கோ, நான் அந்தப் பொம்மையின்ர தலையைத் திருப்பினனான்."

அவ எழும்பிப் போய் அதை எடுத்து என்ர கையிலை தந்தா. "இப்ப திருப்புங்கோ."

என்ன பலமாத் திருப்பியும் அசையேல்லை.

"அது திரும்பாது. அப்பா ஒரே மரத்திலை கடைஞ்சது, தலையும் உடம்பும் ஒண்டு."

பின்பக்கத்தை உத்துப் பாத்தன். மரத்தின்ர வரி தலையிலையிருந்து அடி மட்டும் அறாமல் ஓடுது, பொருத்து ஒரு இடத்திலையும் இல்லை.

அவ கோவிக்கேல்லை, கடுதாசியும் தந்தா. ஒண்டுதான் கேட்டா. "நீங்கள் பிடிக்கேக்கை கழுத்துச் சூடா இருந்ததோ?"

பூக்கண்டுக்குத் தண்ணி விட வேணும் எண்டு சொல்லிக்கொண்டு குசினிக்குப் போயிட்டன். இண்டைக்கும் அவவுக்குச் சொல்லேல்லை. காய்ச்சல்காரரின்ர கழுத்து மாதிரிக் கொதிச்சது, என்ர பெருவிரலுக்குக் கீழை ஒரு நரம்பு துடிச்சுக்கொண்டு இருந்தது.