எவர்சில்வர் ஹெடரின் முதற் சூடு

எங்கள் கார் என்னைவிட ஒரு வயதுதான் இளையது. ஆனால் அதன் சத்தம் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் எல்லா வீடுகளுக்கும் பழக்கம். என்ஜினிலிருந்து வரும் புகையை வாங்கிச் சைலென்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் தொகுதியில் வெடிப்பு. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு டக் டக். வெடிப்பால் கசியும் புகை நேரே அம்மாவின் மூக்குக்குள். அம்மாவுக்கு ஆஸ்துமா இழுப்பு. களுபோவில ஆஸ்பத்திரியின் இழுப்புக் கிளினிக்குக்கு, வழிநெடுகப் புகையூட்டியபடியே ஒரு நோயாளியைக் கொண்டுசேர்க்கும் வாகனம் வேறு எவரிடமும் இருந்திராது.

“மற்ற ஞாயிற்றுக்கிழமை காரைப் பார்க்க ஒராள் வாறார்,” என்றார் அப்பா. “குடுத்துப்போட்டு ஓட்டோவில போவம்.”

“அதுக்குள்ள நான் திருத்தினால்?”

“அம்மா ஒருக்கா இருமாமல் ஏறி இறங்கட்டும், யோசிப்பம்.”

இரண்டு கிழமை, பதினான்கு நாள், இருந்தது. பழையதைப் போலவே இன்னொன்றை வாங்கிப் பூட்டியிருந்தால் ஒரு பகலில் வேலை முடிந்திருக்கும். அது சாதாரண மனிதர்கள் செய்வது. நான் படித்தவள். ஆகவே ஹெடர் பூட்டத் தீர்மானித்தேன்: நான்கு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய், அழகாக வளைந்து கீழே ஒன்றுசேரும். அதிலும் கோட்டிங் பூசிய இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்ற கேள்வியோடு ஒரு கிழமை குடும்பம் நடத்தினேன். இன்டர்நெட்டில் குளிர்தேசத்து ஆண்கள், பனி ரோட்டில் தூவும் உப்பைப் பற்றி இரத்தம் கொதிக்கச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு உப்பை யாரும் தூவத் தேவையில்லை. மரைன் டிரைவ் பக்கம் குடியிருந்தால் கடலே வீடு தேடி வந்து பூசிவிட்டுப் போகும்.

இரும்பு மலிவு, வெல்டிங் வைத்து ஒட்டுவது சுலபம், அதிர்வைத் தாங்கும். ஆனால் கோட்டிங்கில் ஓரிடம் கழன்றாலும் அதன் அடியால் துரு புகுந்துவிடும். ஸ்டெயின்லெஸ் இலகுவில் துருப்பிடிக்காது. ஆனால் சூட்டில் கூடுதலாக விரியும், தகடு மெல்லியதென்றால் ஒட்டில் வெடிக்கும். இதை அப்பாவுக்கு வரைந்தே விளக்கினேன்.

“எவர்சில்வர்தானே? அம்மான்ர சாம்பார் வாளியை வெட்டிக் குடு,” என்றார்.

மாளிகாவத்தையில் ஒரு பார்ட்ஸ் கடைக்குப் போனேன். முதலாளி எனக்குப் பின்னால் அப்பா, அண்ணன் என்று யாரையோ தேடினார்.

“வாப்பா, நானா யாரும் துண்டு எழுதித் தந்தாங்களா மகள்?”

“துண்டு இல்லை. நான்தான் வந்திருக்கிறன்.”

மினுங்குகிற ஹெடர் ஒன்றை எடுத்து வைத்தார். “ஜப்பான் கோட்டிங். உங்கட பிள்ளைகள் காலத்துக்கும் ஈக்கும்.”

கார்ச் சாவியால் ஓரத்தில் ஒரு கீறு கீறி, நகத்தால் நெம்பினேன். ஜப்பான் முழுவதும் என் நகத்துக்குள் வந்தது.

“சுரண்டினா எங்கட தோலும்தான் மகள் கழரும்,” என்றார், கொஞ்சமும் கலங்காமல்.

அடுத்து அவர் காட்டிய ஸ்டெயின்லெஸ்ஸில், வீட்டு பிரிட்ஜ் கதவிலிருந்து கழற்றிப் போயிருந்த யானைக் காந்தத்தை வைத்தேன். நல்ல ஸ்டெயின்லெஸில் பெரும்பாலும் ஒட்டாத யானை பாய்ந்து ஒட்டிக்கொண்டது. காந்தம் ஒட்டும் நேர்மையான ஸ்டெயின்லெஸும் உண்டு என்று படித்திருந்தேன். ஆனால் அதன் விளிம்பில் இதிலிருந்ததுபோலத் துரு இருக்காது.

“உங்கட காந்தம் பவர் கூட,” என்றார்.

கடைசியில் இரத்மலானையில், பால் தொழிற்சாலைகளுக்குக் குழாய் செய்யும் ஒரு சிங்கள மேஸ்திரி கிடைத்தார்; கொழும்பில் பாஸ் என்பார்கள். தடித்த ஸ்டெயின்லெஸ் குழாயில் வெள்ளிக்கிழமை செய்து முடித்தார், சனிக்கிழமை பூட்டுவதாகப் பேச்சு. அவரும் குளிர்தேசத்து ஆண்களும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று: வெறுங்கையால் தொடாதே, முதற் சூட்டுக்கு முன் தின்னர் போட்டுத் துடை. எண்ணெய் பட்ட விரல் ஒன்று பதிந்தாலும் அது சுட்டு நிலைத்துவிடும். சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்காக, கையுறை போட்டு, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அங்கேதான் என் படிப்பு முடிவடைந்தது.

சனிக்கிழமை காலையில் மேசை வெறுமையாக இருந்தது. சற்று நேரத்தில் அம்மா ஓட்டோவில் வந்திறங்கினார். மடியில் துவாய். துவாய்க்குள் ஹெடர். ஹெடரில், ஐயரின் நெய் விரலால் இழுத்த மூன்று திருநீற்றுக் குறி, நடுவில் சந்தனம், குங்குமம்.

“புதுச் சாமானைப் பிள்ளையாருக்குக் காட்டாமல் பூட்டுறதோ? ஐயர் கேட்டவர், இதென்ன நாதஸ்வரமோ எண்டு.”

இரத்மலானைக்கு அம்மாவும் வந்து, கராஜில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தார். நான் தின்னர்த் துணியை எடுத்தேன். துடைப்பது எப்படியென்று முதல் நாள் எனக்குப் பாடம் நடத்திய அதே பாஸ் பதறிப்போய்த் தின்னர் டின்னைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“எபா நங்கி, பவ்!” வேண்டாம் தங்கச்சி, பாவம் என்று.

“துடைக்கிறதெண்டால் துடை பிள்ளை,” என்றார் அம்மா நோயாளிக் குரலில். “வருத்தக்காரி நான்தானே.”

துணியைக் கீழே வைத்தேன். பாஸ் ஹெடரைக் குறியோடேயே பூட்டினார்.

ஸ்டார்ட் பண்ணினோம். டக் டக் இல்லை. கராஜ் முழுக்கக் கோயில் மடைப்பள்ளி வாசம். ஸ்டீல் மெல்லப் பொன்னிறமானது. அதில் மூன்று கபிலக் கோடுகளும் ஒரு வட்டமும் அச்சடித்ததுபோல எழும்பின. வெள்ளவத்தைக்குக் காலி வீதியால் வீடு திரும்பும்போது அம்மா ஒருமுறைகூட இருமவில்லை. இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். அது என் வேகத்துக்காம்.

ஞாயிற்றுக்கிழமை காரைப் பார்க்க வந்தவர் பொனட்டைத் திறந்து குனிந்தார்.

“இதென்ன கோட்டிங்?”

நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். “அது திருநீறு. திருநீறு வச்ச சாமானை விக்கிற வழக்கம் எங்கட வீட்டில இல்லை.”

அப்படியொரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. கொழும்பில் கைமாறும் தமிழர் கார்களில் பாதி திருநீறு வைத்ததுதான். கோயிலுக்குப் போனாலும் வெளியே நின்று செருப்புக்குக் காவலிருக்கும் அப்பா, பொனட்டுக்குள் குனிந்து மூன்று கோடுகளையும் பார்த்தார்.

“என்ர மனிசி சொல்றா. குறை நினையாதேங்கோ,” என்று வந்தவரை அனுப்பிவைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உந்தக் குறி, உரசினால் போகுமோ?”

“போகும். நைஸ் சான்ட்பேப்பர் போட்டுத் தேய்க்கலாம்.”

பொனட்டை இறக்கி, இரண்டு கையாலும் அழுத்தி மூடினார்.

“தேய்ச்சுக் கீய்ச்சுப் போடாதை.”