சின்னம்மாவின் மகன்

மானிடவியல் என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது, அது ஏதோ வைத்தியத்தோடு சம்பந்தப்பட்டது என்றுதான் நினைத்தேன். கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு திருகோணமலைப் பட்டணத்தில் சும்மா இருந்த காலம் அது. எழுபதுகளின் தொடக்கம். நிலாவெளியில் ஆராய்ச்சி செய்ய வந்திருக்கும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்திக்கு மொழிபெயர்க்க ஆள் தேவை என்றார்கள்.

"என்ன ஆராய்ச்சி?" என்று அப்பா கேட்டார்.

"மனிசரைப் பற்றியாம்."

"அதுக்கேன் அவ்வளவு தூரத்திலயிருந்து வரவேணும்? அங்க மனிசர் இல்லையோ?" என்று கேட்டுவிட்டு வள்ளத்தைப் பார்க்கக் கடற்கரைக்குப் போய்விட்டார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவரின் வீட்டில் எங்கள் இருவருக்கும் ஓர் அறை கிடைத்தது. பெட்டியை இறக்கி வைக்க முன்பே சம்மாட்டியின் மனைவி விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"பிள்ளையின்ர அம்மா எந்த ஊர்?"

"இலங்கைத்துறை."

"அட, என்ர ஊரெல்லே! அப்ப உங்கட அம்மா எனக்கு அக்கா முறை. என்னைச் சின்னம்மா எண்டு கூப்பிடுங்கோ."

முன்பின் தெரியாத வீட்டில் ஒரு நொடியில் மகளாகிவிட்டால் யாருக்குத்தான் கசக்கும்? எனக்கும் கசக்கவில்லை. பின்னேரம் அந்த வீட்டு மகன் வந்து சேரும்வரை கசக்கவில்லை.

அவர் வள்ளங்களின் என்ஜின் திருத்துகிறவர். முழங்கைவரை கிரீஸோடு வந்தவர், என் பெட்டியைப் பார்த்து, "பட்டணத்துக் கல்லெல்லாம் இதுக்குள்ளதானோ?" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுக்க முன்பே சின்னம்மா அதட்டினார்: "டேய், அது உனக்குத் தங்கச்சி முறை. மரியாதையாக் கதை." அவர் வாயை மூடிக்கொண்டார். எனக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது.

வெள்ளைக்காரியிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஊரில் வந்து தங்குவது கள ஆய்வு. கேட்டதற்குப் பதில் சொல்லும் ஊரார் தகவலாளிகள். அவர்கள் செய்வதைத் தானும் செய்துகொண்டே கவனிப்பது பங்கேற்று அவதானித்தல். ஒருநாள் விடியற்காலையில் கரைவலைக் கயிற்றை இழுக்கப் போய் அவளுடைய உள்ளங்கை இரண்டும் கொப்பளித்தன. அதன்பிறகு அவதானித்தல் கூடி, பங்கேற்றல் நன்றாகக் குறைந்தது. தன் வழக்கத்தை அளவுகோலாக வைத்து மற்றவர்களை அளப்பது பெரிய பிழை, அதற்கு இனமையவாதம் என்று பெயர் என எனக்குப் பாடம் எடுத்தவள், நாங்கள் மீன் தலையை உறிஞ்சிச் சாப்பிடுவதைக் கண்டு முகத்தைச் சுளித்தாள். அவள் மீன் தலையைத் தூக்கி எறிந்ததைக் கண்ட சின்னம்மாவோ, "பாவம், இதின்ர வீட்டில சாப்பிடப் பழக்கேல்லைப் போல" என்றார். இனமையவாதத்தில் இரண்டு பேரும் சமம் என்று நான் தீர்ப்பு வழங்கினேன், மனத்துக்குள்.

ஆனால் அவளுக்கு உயிர், உறவுமுறைதான். அம்மாவின் தங்கை சின்னம்மா, அவர் மகன் அண்ணன். அப்பாவின் தங்கை மாமி, அவர் மகன் மச்சான். அண்ணனைக் கட்ட நினைப்பதே பாவம். மச்சானைக் கட்டாவிட்டால்தான் வீட்டில் மனத்தாங்கல். இதைக் கேட்டு அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுடைய நாட்டில் இருவருமே 'கசின்'தானாம். மச்சானும் மச்சாளும் ஒருவரையொருவர் சீண்டலாம், அண்ணன் தங்கைக்கு அது ஆகாது என்று சொன்னபோது, "ஆ, கேலி உறவு!" என்று துள்ளினாள். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கும் வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தாள்.

"அதுக்கொரு பேர் இருக்கெண்டா, ஆம்பிளைப் பிள்ளையைப் பெத்து அனுப்பிப்போட்டு இருக்கிறவளுக்கு என்ன பேராம்?" என்று சின்னம்மா கேட்டார். அவருக்கு அந்த ஒரு மகன்தான். வெள்ளைக்காரியிடம் அதற்குப் பெயர் இருக்கவில்லை.

மாதங்கள் போயின. என் செருப்பு வார் அறுந்தபோது அந்த வீட்டு மகன் செப்புக் கம்பியால் கட்டித் தந்தார். பட்டணத்துக்குப் போய் வரும்போதெல்லாம், அம்மாவுக்கு என்று சொல்லி, எனக்குப் பிடித்த மஸ்கற் இனிப்பையே வாங்கி வந்தார். எனக்கு அவர்மேல் ஆசை வந்துவிட்டது. சும்மா ஆசையில்லை, சோறு இறங்காத ஆசை. வாயைத் திறந்தால் அந்த வீட்டில் இருக்க முடியாது. அண்ணன் முறையானவனை நினைத்தவள் என்று ஊர் காறித் துப்பும். சின்னம்மா என்னைப் பெற்ற மகளாகத்தான் வைத்திருந்தார், அதுதான் வினையாகப் போனது.

இதற்குள் வெள்ளைக்காரி அந்த வீட்டின் உறவுப் படத்தைக் கீறி முடித்திருந்தாள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். வீட்டு மகள் என்று என்னையும் அதில் சேர்த்து, அவருடைய முக்கோணத்தையும் என்னுடைய வட்டத்தையும் உடன்பிறப்புக் கோட்டால் இணைத்திருந்தாள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மத்தியானம் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சம்மாட்டி சாக்குக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சின்னம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மகன் வாசற்படியில் இருந்தார்.

"இவர் மட்டும் உன்னை எந்த உறவுமுறையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை," என்றாள் அவள் ஆங்கிலத்தில். "'இந்தா' என்கிறார், செருமுகிறார். ஏன் தங்கச்சி என்று கூப்பிடுவதில்லை? கேள்."

"அது ஒரு பெரிய விஷயமில்லை," என்றேன்.

"எல்லாமே பெரிய விஷயம்தான். கேள்."

மொழிபெயர்ப்பது என் வேலை. சுவரைப் பார்த்தபடி சொன்னேன்: "நீங்கள் என்னை ஏன் தங்கச்சி எண்டு கூப்பிடுறேல்லை எண்டு கேக்கிறா."

அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். பிறகு, "கூப்பிட ஏலாது," என்றார்.

முடியாதாம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஏன்?" என்று அவள் தமிழிலேயே கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்கு நான் தேவையில்லை.

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், எழுந்து முற்றத்தில் கிடந்த என்ஜினிடம் போய்விட்டார்.

சுளகு நின்றுவிட்டது. "நீயும் அவனை அண்ணன் எண்டு கூப்பிட்டதை நான் ஒருநாளும் கேக்கேல்லை," என்றார் சின்னம்மா. அவர் எழுந்து குசினிக்குள் போனார். உள்ளே சட்டிபானை மோதும் சத்தம் கேட்டது.

"நான் ஏதும் பிழையாகக் கேட்டுவிட்டேனா?" என்று வெள்ளைக்காரி கிசுகிசுத்தாள்.

"ஓம்," என்றேன், ஆங்கிலம் மறந்துபோய். உடுப்புகளை அடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

சின்னம்மா தேத்தண்ணியோடு வந்தார். கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகையாம். என் முன்னால் உட்கார்ந்தார்.

"உன்ர அப்பாவின்ர அப்பா எந்த ஊர்?"

"கட்டைபறிச்சான்."

"என்ர அப்பாவும் அங்கத்தையாள்தானே." கூரையைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார். "அப்ப உன்ர அப்பா எனக்கு அண்ணன் முறை."

நான் மொழிபெயர்த்ததும் வெள்ளைக்காரி பதறிப்போனாள். அம்மா அக்கா என்றால் அப்பா எப்படி அண்ணன் ஆவார், அண்ணன் தங்கையையா கட்டினார் என்று படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"அது அம்மா வழி, இது அப்பா வழி," என்றார் சின்னம்மா அசையாமல். "அந்தப் பிள்ளையிட்டச் சொல்லு, படத்தை அழிச்சுப்போட்டு வேற கீறட்டும்." பிறகு சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி, "பட்டணம் என்ன, கப்பலேறிப் போற தூரமோ? பஸ் ஓடுதுதானே," என்றார். அதை எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டார். பெற்ற ஒரே பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அனுப்ப அந்தக் குசினிக்குள் முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இனி என்னை மாமி எண்டு கூப்பிடு."

என்ன சொன்னார் என்று வெள்ளைக்காரி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுடைய மொழியில் சின்னம்மாவும் 'ஆன்ட்', மாமியும் 'ஆன்ட்'. எதை எப்படிச் சொல்வது? பிறகு சொல்கிறேன் என்றேன்.

"கூப்பிடு பாப்பம்."

"மாமி," என்றேன். அதற்குமேல் முடியவில்லை, அவர் மடியில் விழுந்து அழுதுவிட்டேன்.

முற்றத்தில் என்ஜினைத் தட்டும் சத்தம் நின்றது.

"மச்சாள்," என்று ஒரு குரல் கேட்டது. "எனக்கும் ஒரு தேத்தண்ணி."