ருக்மணி வேனுக்குப் புது விளக்கு போட்ட கதை

ருக்மணி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது குவைத்தில். தொண்ணூறுகளின் நடுவில், நகரிப் பக்கத்துத் தமிழ்-தெலுங்கு எல்லையோர ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணுமாக அரபு நாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலத்தில், அடுத்தவர் கரும்புக் கொல்லையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அவளும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போனாள். போனது வீட்டு வேலைக்குத்தான். ஆனால் அந்த வீட்டு மேடத்துக்கு ஐந்து பிள்ளைகள். ஆளுக்கு ஒரு பள்ளிக்கூடம். வீட்டு டிரைவரோ சொல்லாமல் கொள்ளாமல் தன் ஊருக்குப் போய்விட்டான். மேடம் ஒரு வெள்ளிக்கிழமை ருக்மணியைக் கடலோரத்துக் காலி மைதானத்துக்கு அழைத்துப் போய், கார் சாவியைக் கையில் கொடுத்து, ஓட்டு என்று ஜாடை காட்டினாள். அதுவரை சைக்கிள்கூடத் தொட்டிராதவள் ருக்மணி. சாயங்காலத்துக்குள் அந்த மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டாள். அடுத்த ரமலானுக்குள் லைசென்சும் வாங்கிவிட்டாள்.

பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி வந்தபோது அவள் அனுப்பிய பணத்தை வைத்துப் புருஷன் பாலையா ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கி வேர்க்கடலை போட்டிருந்தான். வந்தவளை அவன் வரப்பில் நிற்க வைத்து, "இது எல்லாம் நம்புளுது" என்று கையை வீசிக் காட்டினான். அவள் சந்தோஷமாகத்தான் பார்த்தாள். ஆனால் இரண்டே நாளில் சொல்லிவிட்டாள்.

"மாமா, நீ மண்ண பாத்துக்கோ. நான் ரோட்ட பாத்துக்கறேன்."

அப்போது சத்யவேடு பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. செல்போனுக்கு உதிரி சாமான் செய்கிற இடம், பிஸ்கட் செய்கிற இடம், டயர் செய்கிற இடம் என்று ஊர்ப் பெண்களெல்லாம் சீருடை போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். கம்பெனி பஸ் உள்ளூருக்குள் வராது. ருக்மணி ஒரு பழைய வெள்ளை வேன் வாங்கி, காலையில் அவர்களை ஏற்றிக்கொண்டு போய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்துவந்தாள். போகும்போது தமிழ்ப் பாட்டு, வரும்போது தெலுங்குப் பாட்டு. பொம்பளை ஓட்டுகிற வண்டி என்று முதலில் வேடிக்கை பார்த்தவர்கள், பிறகு வேறு வண்டியில் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்ப மறுத்தார்கள். எட்டு வருஷம் அந்த வேன் ஒரு நாள்கூட ஷிப்டுக்குத் தாமதமாகப் போனதில்லை.

ஒரு ஐப்பசி மாதம் மழை விட்ட சாயங்காலத்தில்தான் தொந்தரவு ஆரம்பித்தது. பொழுது சாயும் நேரம். வண்டிக்கு முன்னால் ரோடு புகை மூட்டம் போட்டதுபோல் இருந்தது. விளக்கைப் போட்டாள். போட்ட மாதிரியே தெரியவில்லை.

"வெளக்கு செத்துப்போச்சு மாமா" என்றாள் வீட்டுக்கு வந்து.

பாலையா எங்கேயோ கேள்விப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் வேன் முன்னால் குந்தி, விளக்குக் கண்ணாடிகளைப் பற்பசை போட்டுத் தேய்த்தான். பல் தேய்க்கிற மாதிரியே மேலும் கீழும் தேய்த்தான். அன்றைக்கு ஏறிய பெண்கள் எல்லாம் வண்டி மணக்கிறது என்றார்கள். வெளிச்சம் மட்டும் அப்படியேதான் இருந்தது.

புத்தூரில் சுனில் என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் கடை. அவன் பேனட்டைத் தூக்கிப் பார்த்தான், பல்பைக் கழற்றித் துடைத்துப் பார்த்தான், பேட்டரியையும் பார்த்தான்.

"அக்கா, பல்பு நல்லாத்தான் எரியுது."

"நல்லா எரிஞ்சா எனக்கு ஏன் தெரியல? எல்லாரும் இப்ப வெள்ளையா ஒண்ணு போட்டுக்கினு போறாங்களே, அத போடு."

"எல்ஈடியா? போடலாம். ஆனா இந்த வண்டி வெளக்கு அந்தக் காலத்து அமைப்பு. வெளிச்சம் சிதறும். எதிர்ல வர்றவனுக்குக் கூசும்."

"அவன் கூசிக்கினு போகட்டும். எனக்கு ரோடு தெரியணும்."

சுனில் மாற்றினான். கடைச் சுவரில் வெளிச்சம் வெள்ளை வேட்டி விரித்ததுபோல் விழுந்தது. அவன் தன் மனசாட்சிக்கு, விளக்கைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்து அனுப்பினான். ஒரு வாரம் ருக்மணிக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றியது. அதற்கப்புறம் மறுபடியும் அதே புகை. திரும்பவும் போய் விளக்கை மேலே தூக்கி வைக்கச் சொன்னாள். அதுவும் போதாமல், இருக்கிறதிலேயே பெரியதாக, பின்னால் குட்டி மின்விசிறி வைத்த பல்பைக் கேட்டாள். சுனில் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இத போட்டா கோழி எல்லாம் விடிஞ்சிடுச்சுன்னு கூவும்."

"கூவட்டும். போடு."

போட்டுக்கொண்டு வந்த முதல் நாளே எதிரில் வந்தவர்கள் எல்லாம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுச் சண்டைக்கு வந்தார்கள். பைக்கில் வந்தவர்கள் ஓரத்தில் நிறுத்திக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். நகரிக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவர் வண்டியை வேனுக்கு நேராக நிறுத்தியே விட்டார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தெலுங்கில் கத்தினார்.

"ஏமம்மா, நா கள்ளு போயினாயி."

தன் கண்கள் போய்விட்டன என்கிறார் அவர். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. அவளும் பாதித் தெலுங்கில் வளர்ந்தவள்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"பாவம், அவுரு கள்ளு போயிடுச்சாம். யாருனா ஒரு சொம்பு ஊத்துங்கடி."

வேன் முழுக்கச் சிரித்தது. ருக்மணியும் சிரித்தாள். ஆனால் சிரிக்கும்போதே உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. அந்த டிரைவரின் முகம் அவளுக்குத் தெரியவே இல்லை. குரல் மட்டும்தான் வந்தது.

இதற்கு முன்னாலும் இப்படிச் சில நடந்திருந்தன. அரிசியில் கல் பொறுக்குவதை அவள் விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. பாலையாதான் சத்தமில்லாமல் பொறுக்கிக்கொண்டிருந்தான். தெருவிளக்குகளைச் சுற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம் தெரிந்தது. மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

கார்த்திகையில் வேர்க்கடலை பிடுங்கினார்கள். பாலையா செடிகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, காய்வதற்காகத் தன் கொல்லைக்கு எதிரே ரோட்டோரமாகப் போர் போட்டிருந்தான். ஆள் உயரம். அன்றைக்குப் பொழுது அப்போதுதான் மங்கியிருந்தது. வேன் ஊருக்குள் திரும்பும் இடம் என்பதால் மெதுவாகத்தான் வந்தது. விளக்கு முழுசாக எரிந்துகொண்டிருந்தது. ரத்தினம்மா, "அக்கா, அக்கா, போரு" என்றாள். பின்னால் இருந்தவர்களும் கத்தினார்கள். ருக்மணி பிரேக்கை மிதிப்பதற்குள் வேன் மெத்தையில் தலை சாய்ப்பதுபோல் மெத்தென்று போய்க் கடலைப் போருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்த செடியிலிருந்து ஒருத்தி கடலை ஒன்றைப் பிய்த்து உடைத்துத் தின்றாள். "இனிப்பா கீது" என்றாள். அவ்வளவுதான், ஆளாளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பாலையா கொல்லையிலிருந்து ஓடிவந்தான். வந்தவன் தன் போருக்குள் தன் பெண்டாட்டி வேன் நிற்பதைப் பார்த்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

ருக்மணி மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ரத்தினம்மா சிரிப்பை நிறுத்தி, தணிந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, பட்டப்பகல் மாதிரி வெளிச்சம் அடிச்சிக்கினு இருந்துச்சு. எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது. நீ பாக்கலியா?"

"நெழல்னு நெனச்சேன்" என்றாள் ருக்மணி.

பெண்கள் இறங்கி நடந்து போனார்கள். அவள் வண்டிச் சாவியை எடுத்துப் பாலையா கையில் வைத்தாள்.

"இனிமே நான் எடுக்க மாட்டேன் மாமா. எனக்கு எதுனா ஆனா போவட்டும். பின்னால ஒக்காந்துக்கினு இருக்கறது எல்லாம் புள்ளைங்கள பெத்தவளுங்க."

குவைத்தில் முதல் மாதம் அழுததற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் அழுதாள். வேன் போனால் போகட்டும். ரோடே போய்விட்டதே என்றிருந்தது அவளுக்கு. பாலையா பக்கத்தில் உட்கார்ந்து, கடலையை உரித்து உரித்து அவள் மடியில் போட்டுக்கொண்டே இருந்தான்.

"துன்னு" என்றான். "நாளைக்குத் திருப்பதி போறோம்."

திருப்பதிக் கண் ஆஸ்பத்திரியில் ஹரிதா என்று ஒரு டாக்டர். இளம் வயது, தெலுங்குக்காரப் பெண், தமிழும் பேசுவாள். ருக்மணி கண்ணைப் பற்றிச் சொல்லாமல் முதலில் பல்பைப் பற்றிச் சொன்னாள். முதல் பல்பு, இரண்டாவது பல்பு, மின்விசிறி வைத்த பல்பு, பஸ் டிரைவர், கடலைப் போர் எல்லாம் சொன்னாள். டாக்டர் ஒன்றும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு, மருந்து விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வண்டியில ஒண்ணும் குறையில்லம்மா. கண்ணுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கு. அது ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து வெளுத்துப் போச்சு. நீங்க பல்பை மாத்த மாத்த, அந்த வெளிச்சம் உள்ளயே சிதறி இன்னும் மறைச்சிருக்கு. கண்ணாடிய மாத்திட்டா சரியாப் போயிடும்."

"மாத்துனா வண்டி ஓட்டலாமா டாக்டரம்மா?"

"பிளைட்டே ஓட்டலாம்."

ருக்மணி திரும்பிப் பாலையாவைப் பார்த்தாள். அவன் ஆஸ்பத்திரி என்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். மறுநாள் காலையில் நர்ஸ் கட்டைப் பிரித்தபோது ருக்மணி முதலில் பார்த்தது சுவரை. நேற்று வெள்ளை என்று நினைத்திருந்த சுவர் நீல நிறத்தில் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெயின்ட் அடித்துவிட்டார்களா என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரிகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. மலை என்று ஒரு மொத்தையாக இல்லை. பாறை பாறையாக, மரம் மரமாகத் தெரிந்தது. பிறகு பாலையா டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"மாமா, எப்ப இப்பிடி நரைச்சே?"

"நீ பாக்காதப்ப" என்றான்.

அவள் அவன் மீசையையும், கன்னத்து மடிப்பையும், சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்ததையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு டீயை நீட்டினான்.

இடது கண்ணும் முடிந்து, வண்டி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்வதற்குள் மாசி பிறந்துவிட்டது. அதுவரை பெண்கள் வேறு ஒருவரின் வேனில் போய்வந்தார்கள். புது வேன், ஏசி வைத்தது. இனி இவர்கள் நம்மிடம் திரும்புவார்களா என்று ருக்மணிக்குக் கவலையாகத்தான் இருந்தது. வண்டியைக் கழுவித் துடைத்து, முதல் நாள் வழக்கமான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். ரத்தினம்மா முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் எல்லோரும் இருந்தார்கள்.

"அந்த வண்டியில ஜன்னல தெறக்க வுட மாட்டேங்கறான் அக்கா. பேசுனாக்கூட திரும்பிப் பாக்கறான். ஏறுங்கடி" என்று கதவைத் திறந்தாள் ரத்தினம்மா.

அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது பொழுது மங்கியதும் ருக்மணி விளக்கைப் போட்டாள். போட்டவள் உடனே அணைத்துவிட்டாள். எதிரே ஒரு வாழைத் தோப்பே வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றது. இலைகளில் உட்கார்ந்திருந்த கொக்குகள் படபடவென்று பறந்தன.

"ஐயோ, இதையா நான் ஊர் முழுக்க அடிச்சிக்கினு திரிஞ்சேன்?"

"இதத்தான்" என்றார்கள் பின்னாலிருந்து எல்லோரும்.

மறுநாளே சுனில் கடைக்குப் போனாள். அவன் மின்விசிறி பல்பைக் கழற்றிவிட்டு, அந்த விளக்குக்குப் பொருந்துகிற பல்பைப் போட்டு, சுவரில் கோடு கிழித்து வெளிச்சம் அந்தக் கோட்டுக்கு மேல் ஏறாதபடி சரிசெய்து கொடுத்தான். மஞ்சளாகச் சாந்தமாக விழுந்த அந்த வெளிச்சத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இதுவே தாராளம் என்றாள்.

இப்போது மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வேன் திருப்பதிக்குப் போகிறது. ஊரில் வயசானவர்களை நிறுத்தி ருக்மணி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா? எதிர்வீட்டு முனிகிருஷ்ணன் அதற்கு, "தெரியுது. எல்லாருக்கும் தெரியறதுதானே" என்றார். அந்த மாதமே அவரை வண்டியில் ஏற்றிவிட்டாள்.

அவருக்கும் இன்னும் மூன்று பேருக்கும் ஆபரேஷன் முடிந்து ஊருக்குத் திரும்பும் முன், கோயில் மலைக்குப் படி ஏறத் தொடங்கும் அலிபிரிப் பக்கம் டீக்கு நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு நான்கு பேரும் வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, எந்த சினிமா ஷூட்டிங் என்று தெலுங்கில் கேட்டார். முனிகிருஷ்ணன் கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஹீரோ நேனே" என்று தன்னையே காட்டினார்.

அவர் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தார். படிக்கட்டில் ஏறுகிறவர்களில் சிவப்புப் புடவை ஒன்று, மஞ்சள் வேட்டி ஒன்று, அப்பா தோளில் ஒரு குழந்தை என்று தனக்குத் தெரிவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். பெஞ்சில் இருந்த மற்ற மூவரும் விட்டுக்கொடுக்காமல் ஆளுக்கு ஒன்றாகச் சேர்த்தார்கள். ருக்மணி வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு இரண்டாவது டீ சொன்னாள். இருட்டுவதற்கு நிறைய நேரம் இருந்தது.