அன்னாசித் தோலும் அம்மன் தேரும்

என் வீட்டுக்காரர் குடியை விட்டது ஒரு தேர்த் திருவிழா அன்று. அடுத்த தேர் வரும்வரை இவர் ஒரு சொட்டும் வாயில் வைக்காமல் இருந்தால், எங்கள் வாசல் படலையடியில் தாகசாந்தி வைத்து, அம்மனோடு வருகிற அத்தனை சனத்துக்கும் பழரசம் கொடுப்பேன் என்று நான் நேர்ந்துகொண்டேன். வெறும் தேசிக்காய்த் தண்ணீர் இல்லை. அது எல்லா வீட்டுப் படலையிலும் இருக்கும். அம்மாள் எனக்குச் செய்யப்போகிற கருணைக்கு அது காணாது. அன்னாசியும் வத்தகப்பழமும் கொடித்தோடையும் பிழிந்து, ஐஸ் போட்டு, மேலே கசகசா மிதக்கவேண்டும். குடித்த மனுசர் இன்னொரு ரம்ளருக்கு வெட்கப்படாமல் கை நீட்டவேண்டும். இப்படியே சொல்லித்தான் கும்பிட்டேன்.

இவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். லேசான காரியம் இல்லை. மூதூருக்குப் போய் வருகிற போட்டில் கயிறு கட்டி அவிழ்க்கிற வேலை இவருக்கு. பொழுதுபட்டால் கூட்டாளிமார் ஒரு பக்கம் போவார்கள், இவர் நேரே வீட்டுக்கு வருவார். வந்து பால் விடாத தேத்தண்ணிதான், பிளேன்ரீக்கு மேல் பிளேன்ரீ. அதுவும் முடிந்தால் கையும் காலும் சும்மா இராது. கிணற்றை இறைப்பார். வேலியைப் பிரித்துத் திரும்பக் கட்டுவார். அந்த வருஷம் எங்கள் படலைக்கு எத்தனை தரம் பெயின்ற் அடித்தார் என்பது அம்மனுக்குத்தான் தெரியும். இந்த ஒழுங்கையில் இருக்கிற வீடுகளில் மினுமினு என்று ஒரு படலை இருந்தால் அது எங்களுடையதுதான்.

தேருக்கு முன்னமே மச்சாள் வந்துவிட்டா. இவருடைய தங்கச்சி, சாம்பல்தீவில் கலியாணம் கட்டியிருக்கிறா. நல்ல மனுசி, ஆனால் கையில் எந்நேரமும் போன். அன்னாசி வெட்டிப் பழகுவோம் என்று நான் ஒன்றைச் சீவத் தொடங்க, தோலை வீசவேண்டாம் என்று தடுத்துவிட்டு ஒரு வீடியோவைக் காட்டினா. ஏதோ ஒரு நாட்டுப் பொம்பிளை, எங்கள் ஒருவருக்கும் விளங்காத பாஷையில் கதைத்துக்கொண்டு, அன்னாசித் தோலைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டுத் துணியால் மூடுகிறாள். பிறகு வடித்து எடுக்க, நுரை பொங்கி வருகிறது. ஒரு வாய் குடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"தோலிலதான் மச்சாள் வாசமே இருக்கு. இதை முதலே ஊறப்போட்டு வச்சு, தேரண்டு சாறோட கலப்பம். பிறகு பாருங்கோ," என்றா.

எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. சந்தையில் வாங்கிய அன்னாசி எல்லாவற்றையும் கழுவிச் சீவி, பழத்தைப் பக்கத்து வீட்டு பிறிஜ்ஜில் வைத்துவிட்டு, தோலையெல்லாம் ஒரு பெரிய கிடாரத்தில் போட்டோம். சர்க்கரையை இடித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, தோய்த்த வெள்ளை வேட்டித் துண்டால் வாயைக் கட்டி, குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். அம்மனுக்குப் படைக்கிற சாமான் என்று நான் கிடாரத்துக்குத் திருநீறு பூசினேன். பொட்டும் வைத்தேன். காலையில் சாமிப் படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு வருகிற வழியில் அதற்கும் காட்டுவேன். பங்குனி வெய்யில் கூரை ஓட்டைச் சுட்டுக்கொண்டிருந்தது. கிடாரம் தன்பாட்டில் மூலையில் இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். படைக்கமுன் எதையும் வாயில் வைத்துப் பார்க்கமாட்டோம். உப்பு, புளி, இனிப்பு எல்லாம் கைக்கணக்குத்தான். மச்சாள் இன்னும் ஒரு படி மேலே. பூசைப் பூவை மணக்கக்கூடாது என்கிற மாதிரி, படையலையும் மணக்கக்கூடாது என்பா. ஆகையால் அந்தத் துணியை ஒருவரும் அவிழ்க்கவில்லை, ஒருவரும் கிட்டப் போய் மூக்கை வைக்கவில்லை.

தேரன்று விடியவே குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு குசினிக்குள் நின்றோம். பக்கத்து வீட்டு ராத்தா, பிறிஜ்ஜில் இருந்த பழத்தோடு, ஒரு வாளி ஊறிய கசகசாவும் ஒரு போத்தல் ரோஸ் பாணியும் கொண்டுவந்தா. நோன்பு திறக்க அவ கலக்குகிற சர்பத்துக்கு இந்தத் தெருவில் ஈடு இல்லை. வெளியே இவர் ஏணியில் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். நான் அம்மாளை நினைத்துக்கொண்டு கிடாரத்துத் துணியை அவிழ்த்தேன்.

உள்ளே நுரை. வீடியோவில் கண்டதைவிட அழகான நுரை. கிசுகிசு என்று ஒரு சத்தம், நாலு பேர் குசினிக்குள் இரகசியம் கதைக்கிற மாதிரி. அதோடு அந்த வாசமும் எழும்பி வந்தது.

எனக்கு அந்த வாசத்தைத் தெரியும். எத்தனையோ வருஷம் இவருக்கு முன்னால் படலைக்குள் வந்தது அதுதான். அதை வாசலோடு துரத்தத்தான் அம்மனிடம் போனேன். இப்போது அது என் குசினிக்குள்ளேயே, நெற்றியில் திருநீறும் பொட்டுமாக இருக்கிறது.

இது சோடா மாதிரி, நல்லதுதான் என்றா மச்சாள். வாசம் சரியில்லையே என்றேன். படையலை மணக்கக்கூடாது என்று என்னைப் பேசினா. நான் மணக்கவில்லை, அதுதான் வந்து என்னை மணக்கிறது என்றேன். கடைசியில் ராத்தாவைக் கூப்பிட்டோம். அவ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தா.

"தங்கச்சி, இது என்னெண்டு எனக்கு விளங்காது. விளங்கினா எனக்கு நரகம்தான்."

அதோடு எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழவேண்டிய நேரத்தில் வருகிற சிரிப்பு, அடக்க அடக்கக் கூடிக்கொண்டே போனது. மூன்று பொம்பிளைகள், ஒரு கிடாரம், அது கள்ளா பழரசமா என்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வாசலில் ஏணியில் நிற்கிறார். குசினிக்குள் வரக்கூடாத ஒரே ஆளும் அவர்தான். தேர் எங்கள் படலையைத் தாண்டினால்தான் என் நேர்த்தி நிறைவேறும். கோயில் பக்கம் மேளம் கேட்கத் தொடங்கிவிட்டது. இந்தக் கடைசி நேரத்தில், இத்தனை நாள் குடிக்காமல் இருந்த மனுசனின் முன்னால் நானே கொண்டுபோய் ஒரு கிடாரம் நிறைய வைப்பதா?

பின்பக்கத்தால் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தோம். சிரித்துச் சிரித்துக் கையில் பலமில்லை. மச்சாள் மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினா. அந்த நேரம் பார்த்து, கயிறு வெட்டக் கத்தி கேட்டுக்கொண்டு இவர் வந்து குசினி வாசலில் நின்றார். கத்தியை மறந்துவிட்டார்.

"ஆர் இஞ்ச கள்ளு வச்சிருக்கிறது?"

கோபம் இல்லை. ஆர் என் செருப்பை எடுத்தது என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"அது அன்னாசி அண்ணை," என்றா மச்சாள்.

"அன்னாசி நேற்று. இண்டைக்கு அது வேற ஆள்."

சாக்கை விலக்கி, குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டார். மூக்கை இல்லை, காதை. டொக்டர் நெஞ்சைப் பார்க்கிற மாதிரி. பின்னேரம்வரை விட்டிருந்தால் இந்தத் தெருவே பாட்டுப் பாடியிருக்கும் என்றார். நாங்கள் திரும்பவும் சிரித்தோம். சிரிக்கும்போதே அவருடைய தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியதை நான் கண்டேன். என் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"இதை நான் கொண்டுபோய் ஊத்திறன்."

"நானும் வாறன்."

"வேண்டாம். நீர் பழத்தை வெட்டும். தேர் வருது."

விட்டேன். விடாமல் என்ன செய்ய? ஒரு வருஷம் மற்ற ஆம்பிளைகள் மத்தியில், நான் பார்க்காத இடங்களில் தொடாமல் இருந்தவர்தானே. கிணற்றடி வாழைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். நான் வத்தகப்பழத்தை வெட்டினேன். எதை வெட்டுகிறேன் என்று பார்க்காமல் வெட்டினேன். ஊற்றுகிற சத்தம் வரவில்லை. மேளம் கிட்ட வருகிறது, ஊற்றுகிற சத்தம் மட்டும் வரவில்லை. தாயே, தாயே என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. ராத்தாவும் தன்பாட்டில் எதையோ ஓதிக்கொண்டிருந்தா.

பிறகு சளார் என்று கேட்டது. அதன் பிறகு கிணற்று வாளி விழுகிற சத்தம், கிடாரத்தைத் தேய்க்கிற சத்தம், இன்னொரு தரம் வாளி.

வெறுங் கிடாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. ஆனால் என் மூக்கு பழைய பழக்கத்தில் தானாக முன்னுக்குப் போய்விட்டது. இவர் கண்டுவிட்டார். பொலிஸ்காரனுக்கு ஊதுகிற மாதிரிக் குனிந்து என் முகத்தில் 'ஹா' என்று ஒரு ஊது ஊதினார். காலையில் குடித்த பிளேன்ரீ மணந்தது. நெற்றியில் திருநீறு மணந்தது. வேறு ஒன்றும் இல்லை. தங்கச்சிக்கும் ஒன்று ஊதினார். ராத்தாவுக்கும் ஊதட்டோ என்று திரும்ப, அவ கசகசா வாளியையும் தூக்கிக்கொண்டு படலைக்கே ஓடிவிட்டா.

"ஏன் அவ்வளவு நேரம்?" என்று மெல்லக் கேட்டேன்.

"அதோட கொஞ்சம் கதைச்சனான்."

"என்னெண்டு?"

"கனநாளாச்சு, சுகமோ எண்டு கேட்டன். பிறகு, சரி போட்டு வா எண்டன்."

அதற்குப் பிறகு எங்களுக்கு என்ன பிடித்ததோ தெரியாது, பறந்தோம். பழத்தை அரைத்து, பிழிந்து, வடித்து, சீனியை அள்ளிக் கொட்டினோம். என் சேலையெல்லாம் வத்தகப்பழச் சிவப்பு. மச்சாளுடைய தலைப்பின்னலில் கொடித்தோடை விதை. இவர் ஐஸ் வாடியில் சொல்லிவைத்து, மீன் பெட்டிகளின் பக்கம் போகாத ஐஸ் கட்டியாகப் பார்த்து எடுத்து வந்திருந்தார். அதைச் சாக்கில் சுற்றி உலக்கையால் குத்தினார். ராத்தா ரோஸ் பாணியை முழுப் போத்தலாகக் கவிழ்த்தா. ஒரு மாதிரியான கடும் றோசா நிறத்தில் வந்தது. நான் நேர்ந்த நிறம் இல்லை. அம்மாள் கோபிக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர் படலைக்கு முன்னால் வந்து நின்றது. முதல் ரம்ளரை அருச்சனைத் தட்டில் வைத்து நீட்டினேன். ஐயர் தண்ணீர் தெளித்து, தீபம் காட்டி, அதைத் திரும்பத் தந்தார். அதன் பிறகு சனம் விழுந்தடித்து வந்தது. வடம் பிடித்தவர்களுக்கு மீசையெல்லாம் கசகசா. குடித்து முடித்து வடத்தைப் பிடித்து இழுக்கப் போனால், தேர் நகரவில்லை.

முன்னால் ஒரு மான் படுத்திருந்தது.

எங்கள் ஊரில் மான்கள் மாடு மாதிரித் தெருவில் திரியும். இது எங்கள் கிணற்றடிக்குள் வேலி இடுக்கால் வந்திருக்கிறது. வாயோரத்தில் ஒரு துண்டு அன்னாசித் தோல் ஒட்டியிருந்தது. காலை மடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, எங்கள் படலைக்கு நேரே நடுத்தெருவில் கிடந்தது. மேளத்தைக் கிட்டக் கொண்டுபோய் அடித்தார்கள். ஒரு காதை மட்டும் ஆட்டியது. சிலர் இது அம்மனின் சோதனை என்றார்கள். வயிறு நிறைந்து கிடக்கிறது, வேறு ஒன்றுமில்லை என்றா ராத்தா.

"எனக்குத் தெரியாதோ?" என்றார் இவர்.

கையில் இருந்த பழரசச் சருவத்தை வைத்துவிட்டுப் போய், மானுக்குப் பக்கத்தில் குந்தினார். கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்தார். நான் கிட்டத்தான் நின்றேன். அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"எழும்பு மச்சான். எல்லாரும் பாக்கினம். வீட்டை போவம் வா."

இந்தச் சொல்லை எனக்குத் தெரியும். இதே சொல்லைச் சொல்லித்தான் கூட்டாளிமார் இவரை எங்கள் படலைவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். மான் முன்னங்காலை ஊன்றியது, சறுக்கியது, திரும்ப ஊன்றி எழும்பியது. இவர் அதன் முதுகில் கையை வைத்தபடி வேலியோரமாக, அதன் நடைக்கு நடந்து, ஒழுங்கை திரும்புகிற முடக்குவரை கொண்டுபோய் விட்டார். சனம் விலகி வழி விட்டது. அரோகரா என்று ஒரு சத்தம் எழும்ப, வடம் இறுகி, தேர் எங்கள் மினுமினுப் படலையைத் தாண்டிப் போனது.

நான் கும்பிட்ட கையை இறக்கவில்லை. கண் தெரியவில்லை. இவர் வேர்த்து வழிய வந்து நின்றபிறகுதான், அவருக்கென்று எடுத்துவைத்த ரம்ளர் நினைவுக்கு வந்தது. கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். மீசையில் ஒட்டின கசகசாவை நாக்கால் எடுத்தார். சீனி கூடிப்போச்சு என்றார்.

சொல்லிவிட்டு, வெறும் ரம்ளரைத் திரும்ப என்னிடம் நீட்டினார்.